முழங்காலுக்கு ஒரு நாற்காலி

மெல்கின் முழங்காலை மாற்றி வைத்துவிட்டார்கள் என்ற செய்தி ஹின்டர்ஷாட்டன் பள்ளத்தாக்கில் பரவியதும் ஊரே துக்கம் விசாரிக்க வந்தது. மெல்கிடம் அல்ல, அவன் மனைவி ப்ளோனியிடம். இனிமேல் மழை வருமா வராதா என்று யாரைக் கேட்பது என்று ஆளாளுக்கு அங்கலாய்த்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவனுக்கு வலிக்கிறதா, ஒரு வாய் சாப்பிட்டானா என்று கேட்க ஒரு நாதியில்லை.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. மெல்க் இளவட்டமாக இருந்தபோது ஒரு பசு விட்ட உதையில் நொறுங்கிய இடது முழங்கால் அது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அன்றிலிருந்து அது வானிலை சொல்ல ஆரம்பித்துவிட்டது. மந்தமாக வலித்தால் மழை. நமநமவென்று அரித்தால் பனி. ஊசியாகக் குத்தினால், தெற்கு மலையைத் தாண்டி இறங்கும் வெதுவெதுப்பான ஃபொன் காற்று. புல் அறுத்துக் காயப்போடப் போகிறவர்கள் அவன் வாசலில் நின்று "முழங்கால் என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் அரிவாளைத் தீட்டுவார்கள்.

மற்றபடி மெல்கின் சொல்லுக்கு மதிப்பு என்ன என்று கேட்டால், வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். எந்த ஆட்டை விற்பது, கதவுக்கு என்ன வண்ணம் அடிப்பது, ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பது என்று எதிலாவது அவன் வாயைத் திறந்தால், ப்ளோனி "சரி சரி, காலைத் தூக்கு, கூட்டணும்" என்பாள். கட்டிய மனைவியும் நாளைக்கு மழையா என்று அவனைக் கேட்டதில்லை. அவளும் முழங்காலைத்தான் கேட்பாள்.

ஆனால் மெல்குக்கு ஒரு நாற்காலி இருந்தது. 'கரடி' விடுதியில், கணப்புக்குப் பக்கத்தில், வானிலைச் சங்கத்தின் மேசை. சுற்றிலும் ஆறே ஆறு நாற்காலிகள். ஆண்டுதோறும் மார்ச் முடிவில் பள்ளத்தாக்கே அங்கே கூடும். காபியில் செர்ரிச் சாராயத்தை ஊற்றிக் குடித்துக்கொண்டே, ஆறு ஜோசியர்களும் எழுந்து அடுத்த அரையாண்டுக்கு வானிலை எப்படி என்று சொல்வதைக் கேட்கும். தலைவன் வெண்டல், அடித்த பன்றியின் மண்ணீரலைப் பார்த்துச் சொல்பவன். ஆல்பின் என்பவன் எறும்புப் புற்றில் கையை விட்டு, கடிக்கிற கடியை வைத்துச் சொல்பவன். மற்றவர்களும் இதே லட்சணம்தான். இலையுதிர் காலத்தில் யார் சொன்னது பலித்தது என்று பார்த்து முடி சூட்டுவார்கள். மெல்குக்கு முடி முக்கியமில்லை. அந்த நாற்காலியிலிருந்து எழுந்து அவன் தொண்டையைக் கனைத்தால் கூடமே வாயை மூடும். அந்த ஒரு நாளை வைத்துத்தான் மீதி ஆண்டை அவன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது முழங்கால் போச்சு.

புது முழங்கால் நல்ல முழங்கால்தான். படி ஏறும், விறகு சுமக்கும், கோயிலில் மண்டியிடும். வாய்தான் பேசாது. மெல்க் விடவில்லை. பிப்ரவரி முழுவதும் விடியற்காலையில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பனியில் வெறுங்காலோடு போய் நிற்பான். வானத்தைப் பார்ப்பான், தேவதாரு மரங்களைப் பார்ப்பான், காக்கைகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்ப்பான். அப்படியே முழங்காலுக்குக் காது கொடுப்பான். ஒரு முனகல்கூட வராது. கல்லுக்குண்டு மாதிரி கிடக்கும். ப்ளோனி ஜன்னலைத் திறந்து, கால்தான் சரியாச்சு, இப்போது புத்தி போய்விட்டதா என்று கத்துவாள்.

பழைய முழங்கால் எலும்பு ஒரு துண்டு அவனிடம் இருந்தது. என் உடம்பில் விளைந்தது எனக்கே வேண்டும் என்று டாக்டரிடம் அடம்பிடித்து வாங்கி வந்திருந்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் வேகவைத்துச் சுத்தம் செய்து கொடுத்ததை, வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கழுவி அதில் போட்டு வைத்தான். ஒருநாள் அதற்கும் கொஞ்சம் வெயில் படட்டும் என்று ஜாடியைத் திறந்து கொட்டகை பெஞ்சில் வைத்துவிட்டு, சுத்தமாக மறந்துபோனான். சாயங்காலம் ப்ளோனிதான் மூடிக் கொண்டுவந்து கொடுத்தாள். நாய் பேரி கணப்பருகே கால் நீட்டிப் படுத்து, என்றும் இல்லாத திருப்தியோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

மார்ச் கூட்டத்துக்கு மெல்க் ஜாடியை எடுத்துக்கொண்டு போனான். மறைத்துப் பேசத் தெரியாத மனிதன். புது முழங்கால் ஊமை, பழையது இதோ இருக்கிறது, இதை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன் என்று நடந்ததைச் சொல்லி ஜாடியை மேசைமேல் வைத்தான். அங்கேதான் பிடித்தது சனி.

கணப்புக்கு மேலே மரப்பலகையில் சங்கத்தின் ஒரே விதி செதுக்கியிருந்தது: 'உணர்ந்தவனுக்கே நாற்காலி.' வெண்டல் எழுந்து அதை உரக்கப் படித்தான். பிறகு மோவாயைத் தடவிக்கொண்டு, மெல்க், நீ இப்போது எதையாவது உணர்கிறாயா என்று கேட்டான். இல்லை என்றான் மெல்க். அப்படியானால் நாற்காலி காலி என்று வெண்டல் சொல்லப்போன நேரத்தில் ஆல்பின் குறுக்கிட்டான். மெல்குக்காகப் பரிந்து பேசத்தான் எழுந்தான் என்று அங்கே இருந்தவர்கள் சத்தியம் செய்வார்கள். ஆனால் ஆல்பின் பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பான் என்று அவனுக்கே தெரியாது.

"இத்தனை வருசமா உணர்ந்தது யாரு? முழங்கால். மெல்க் என்ன பண்ணான்? முழங்கால் சொன்னதை வந்து நம்மகிட்ட சொன்னான். தபால்காரனா கடுதாசி எழுதுறான்? நாற்காலி எப்பவுமே முழங்காலோடதுதாங்க. இவன் அதைத் தூக்கிட்டு வந்தான், அவ்வளவுதான்."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே என்றார்கள். யோசித்துப் பார்த்ததுதான் வினை. கை தூக்கச் சொன்னான் வெண்டல். காட்டில் மரம் முளைத்ததுபோல் கைகள் எழுந்தன. ஜாடியை நாற்காலியில் வைத்தார்கள். வழுக்காமல் இருக்க அடியில் ஒரு மெத்தையும் கொடுத்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள வந்த மெல்க் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றான். உட்கார இடமில்லை.

பிறகு முழங்கால் தன் வானிலையைச் சொல்லட்டும் என்று வெண்டல் அறிவித்தான். எல்லோரும் ஜாடியைப் பார்த்தார்கள். ஜாடி என்ன பேசும்? நேரம் போகப் போக, கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்டா, உனக்குத்தானே பழக்கம் என்று மெல்கைக் கேட்டார்கள்.

மெல்குக்கு வயிறு எரிந்தது. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இந்தக் கூட்டத்தைக் கிறுக்கர்களாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று, வாய்க்கு வந்ததில் ஆகக் கேவலமானதாகப் பார்த்து எடுத்து விட்டான்.

"முழங்கால் சொல்லுது, கேட்டுக்கங்க. ஏப்ரல்ல ரெண்டு புயல் வரும். முதல் புயல் மரத்தைச் சாய்க்கும். ரெண்டாவது கூரையைப் பிரிக்கும், முக்கியமா ஆல்பினோட கூரையை. அப்புறம் மே மாசம், பனிப் புனிதருங்க நாள்ல, எவன் உடம்புலயும் சட்டை நிக்காது. ஆகஸ்ட் வெயில் அன்னிக்கே அடிக்கும். போதுமா?"

மே மாத நடுவில் வரிசையாக வரும் அந்தப் புனிதர்களின் திருநாட்களில் உறைபனி விழும் என்பது அந்தப் பக்கத்தில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். கடைசியாக வரும் குளிர்ச் சோஃபியின் நாள் கழியாமல் ஒருவரும் ஒரு தக்காளி நாற்றுகூட நட மாட்டார்கள். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்துக் கை தட்டியது. ஜாடிக்குத்தான்.

ஏப்ரலில் முதல் புயல் வந்தது. கோயில் முற்றத்து லிண்டன் மரம் வேரோடு சாய்ந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று மெல்க் தன்னைத் தேற்றிக்கொண்டான். மாதக் கடைசியில் இரண்டாவது புயல் வந்தது. ஊர் மாடுகளுக்கான காய்ந்த புல்லெல்லாம் ஆல்பினின் கொட்டகையில்தான் கிடந்தது. காற்று அந்தக் கூரையை அப்படியே தூக்கி, ஓடைக்கு அந்தப் பக்கம் கவிழ்த்து வைத்தது. புல் முழுவதும் நனைந்து முடை நாற்றமெடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கூரையில் ஓர் ஓடுகூட நகரவில்லை.

அதற்குப் பிறகு முழங்காலுக்கு வந்த வாழ்வைப் பார்க்க வேண்டுமே. ஆல்பினே முதல் ஆளாக வந்து ஜாடிக்கு முன்னால் ஒரு கோப்பை சாராயம் வைத்து மன்னிப்புக் கேட்டான். பெண்கள் பேரிக்காய் ரொட்டி கொண்டுவந்து வைத்தார்கள். பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்து படம் எடுத்தாள். மெல்க் ஜாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீசையெல்லாம் வாரிக்கொண்டு நின்றான். படம் வந்தபோது ஜாடியும் இரண்டு கட்டைவிரல்களும் மட்டும் இருந்தன.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனால் மே பிறந்ததும் வெண்டல் ஒரு முடிவை அறிவித்தான். கீழே மாடுகளுக்குத் தீனி இல்லை. முழங்காலோ பனிப் புனிதர் நாளில் கோடை என்று சொல்லியிருக்கிறது. ஆகவே முதல் புனிதரின் நாளன்றே பள்ளத்தாக்கின் எல்லா மாடுகளையும் மேல் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவது. எப்போதும் ஜூனில் ஏறுகிற மலை அது. வெயில் வந்தால் பிழைத்தார்கள். வராவிட்டால், மாடும் கன்றும் பனியில் விறைத்துச் சாகும். ஊரின் பிழைப்பே அதோடு சரி.

மெல்க் செய்தியைக் கேட்டதும் விழுந்தடித்துக்கொண்டு விடுதிக்கு ஓடினான். (ஓட முடிந்தது, புது முழங்கால் அப்படி.) வெண்டல் சீட்டாடிக்கொண்டிருந்தான். முழங்கால் எதுவும் சொல்லவில்லை, நான்தான் வயிற்றெரிச்சலில் உளறினேன், மாடுகளை ஏற்றாதே என்று மெல்க் ஒரே மூச்சில் கொட்டினான்.

வெண்டல் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் தோளில் கை போட்டான். "டேய் மெல்க், உன் வருத்தம் எனக்குப் புரியுது. நாற்காலி போயிடுச்சு. பொறாமை வரத்தான் செய்யும். ஆனா அது உன் சொந்த முழங்கால்டா. சாமியே வரம் கொடுத்தாச்சு, பூசாரி நீ ஏன்டா குறுக்க நிக்கிற?"

"நான் பொய் சொன்னேன்டா. பொய்."

"நீ பொய் சொல்லியிருக்கலாம். உன்னை யாரு கேட்டா?"

சரி, அதன் வழிக்கே போவோம் என்று மெல்க் உபாயத்தை மாற்றினான். முழங்கால் இப்போது வேறு மாதிரி சொல்கிறது, குளிர் என்கிறது என்றான். அதற்கும் வெண்டலிடம் பதில் இருந்தது. மார்ச்சில் சொன்னது சொன்னதுதான், அரையாண்டுக்கு அதை மாற்ற ஜோசியருக்கே உரிமை இல்லை, முழங்காலாக இருந்தாலும் சங்கத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்று சொல்லிவிட்டு மறுபடியும் சீட்டை எடுத்துக்கொண்டான்.

மாடுகள் ஏற வேண்டியதற்கு முந்தின நாள் வானம் சாம்பல் நிறமாகத் தொங்கியது. ஒன்றிரண்டு பனித்துகள்கூட விழுந்தன. அப்படியும் ஊர்க்காரர்கள் பெரிய மணிகளைத் துடைத்துக்கொண்டு, முன்னே போகிற பசுவின் தலைக்குக் காகிதப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜாடியை அந்தப் பசுவின் கொம்புகளுக்கு நடுவே வைத்துக் கட்டுவதாக ஏற்பாடு. மெல்க் ஒரு முடிவுக்கு வந்தான். ஜாடி இல்லாவிட்டால் ஊர்வலம் இல்லை. மத்தியானம் விடுதியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, ஜாடியைத் தூக்கிக் கோட்டுக்குள் செருகினான்.

"எங்க கொண்டு போற அதை?"

ப்ளோனி. அவள் வாரத்தில் சில நாள் விடுதிச் சமையலறையில் வேலை செய்பவள். கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கோடு வாசற்படியில் நின்றாள். ஓடையில் போடப்போகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எல்லா மாடும் சாகும், அந்தப் பாவம் என் தலையில் விழும் என்றான் மெல்க்.

ப்ளோனி உருளைக்கிழங்கைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள்.

"வேணும்னா போடு. ஆனா அது உன் முழங்கால் இல்ல."

மெல்க் கோட்டை விலக்கி ஜாடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"அது கன்னுக்குட்டி எலும்பு. சூப்புக்கு வாங்கினது. உன்னுதை பிப்ரவரியிலேயே பேரி தின்னுடுச்சு. நீதான் பெஞ்சுல திறந்து வெச்சுட்டுப் போன. நீ அழுவியேன்னு நான் இதைப் போட்டு வெச்சேன்."

எலும்பைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். தன் முழங்கால் எலும்பை அடையாளம் பார்த்து வைத்தவன் எவன்? மெல்க் நாற்காலியைத் தேடித் தடவி உட்கார்ந்தான். ஊரெல்லாம் சாராயம் படைத்தது, பத்திரிகையில் படம் போட்டது, தலைவனே தோளில் கை போட்டு அறிவுரை சொன்னது, எல்லாம் சூப்பு எலும்புக்கு. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது.

"அப்ப புயல் வரும்னு சொன்னது யாரு?" என்றான்.

"நீதான்."

"நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், ப்ளோனி."

"வாய்க்கு எங்கிருந்து வந்துச்சு?" என்றாள் அவள். "மாசம் பூரா பனியில வெறுங்காலோட நின்ன. வானத்தைப் பார்த்த, மரத்தைப் பார்த்த. முன்னாடியெல்லாம் நீ என்னிக்கு வானத்தைப் பார்த்த? காலைத்தானே பார்த்துக்கிட்டுக் கிடப்ப."

அது உண்மையோ, ஆறுதலுக்குச் சொன்னதோ, யார் கண்டது? அவள் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் முகத்தையே பார்த்தாள்.

"எலும்புக் கதையைச் சொன்னா ஊரு மாட்டை ஏத்தாது. இங்கேயே இருந்தா தீனியில்லாம சாகும். சொல்லாம விட்டா, ஏத்திடுவாங்க. எதுன்னு நீ சொல்லு. நாளைக்கு ஏறலாமா, கூடாதா? எலும்பைக் கேக்கல. உன்னைக் கேக்கிறேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டதும் கேட்டாள், ஊர் மாடு அத்தனையையும் அவன் மடியில் வைத்துக் கேட்டாள். அவன் பூட்ஸையும் காலுறையையும் கழற்றினான். பின்கதவைத் திறந்து, விடுதியின் கொல்லைப்புறத்தில் ஈரப் புல்லில் போய் நின்றான். முழங்கால் வழக்கம்போல் செத்துக் கிடந்தது. அவன் அதை விட்டுவிட்டான். தெற்கு மலையின் முகட்டைப் பார்த்தான். மேகம் அதன்மேல் சுவர் எழுப்பியதுபோல் நின்றது, இந்தப் பக்கம் இறங்கவில்லை. காக்கைகள் உயரத்தில் இருந்தன. தூரத்து மலை கைக்கெட்டுகிற மாதிரி கிட்டத்தில் தெரிந்தது. கால் விறைத்துப்போகும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தான்.

"ஏறலாம்" என்றான். பல் தந்தியடித்தது.

ப்ளோனி ஜாடியை அவன் கோட்டிலிருந்து எடுத்து நாற்காலியில் திரும்ப வைத்து, மெத்தையைச் சரி செய்தாள். பிறகு உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள்.

ஃபொன் காற்று விடியும் முன்பே இறங்கிவிட்டது. முதல் புனிதரின் நாளில் ஊர் கோட்டும் கம்பளித் தொப்பியுமாகக் கிளம்பியது. முதல் திருப்பத்தில் தொப்பி போனது, இரண்டாவது திருப்பத்தில் கோட்டு போனது. காட்டைத் தாண்டும்போது பாதிரியார் உட்பட ஆண்களில் ஒருவர் உடம்பிலும் சட்டையில்லை. வெள்ளை வெளேரென்ற தொப்பைகள் அந்தி வானமாகச் சிவந்தன. பாதையோரப் பனி உருகி வாய்க்காலாக ஓடியது. எல்லாருக்கும் முன்னால், தன் குலத்துக் கன்றின் எலும்பு என்று தெரியாமல் அதைக் கொம்பில் சுமந்துகொண்டு, பூவும் மணியுமாக நடந்தது பெரிய பசு. கடைசியில் நடந்தவர்கள் மெல்கும் ப்ளோனியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று இருவரும் மலையையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

மேலே புல் தலை காட்டியிருந்தது. மாடுகள் பாய்ந்து மேய்ந்தன. குடிசைகளில் குளிர்காலம் முழுவதும் பூட்டிக் கிடந்த கம்பளங்களையும் மெத்தைகளையும் எடுத்து வந்து எல்லாரும் வெயிலில் விரித்தார்கள். மெல்கின் குடிசைக் கம்பளங்களையும் ப்ளோனி விரித்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தாள். வெண்டல் ஜாடியை அவிழ்த்து ஒரு பாறைமேல் வைத்து, மரியாதையாக நிழலுக்குத் தன் தொப்பியைக் கவிழ்த்தான். ராத்திரி மெத்தையெல்லாம் வெளியிலேயே கிடக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். வெண்டல் ஜாடியின் மூடியில் காதை வைத்துக் கேட்டான். ஒரு சத்தமும் இல்லை, ஆகவே வெயில்தான் என்று அறிவித்தான். கூட்டம் ஆரவாரம் செய்தது.

மெல்க் வானத்தைப் பார்த்தான். ஒரு துளி மேகம் இல்லை. காற்று மட்டும் சற்று முன்னால் நின்றுபோயிருந்தது. ஈக்கள் மாட்டை விடாமல் கடித்தன.

"சாயங்காலம் மழை வரும்" என்றான்.

யாரும் திரும்பவில்லை. ஆல்பின் மட்டும், நாற்காலி போன துக்கம் இன்னும் ஆறவில்லை போல என்று பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தான்.

ப்ளோனி எழுந்தாள். ஜாடி இருந்த பக்கம் அவள் பார்க்கவே இல்லை. வெயில் சுள்ளென்று முதுகில் அடிக்க, ஊர் வேடிக்கை பார்த்துச் சிரிக்க, கம்பளங்களை ஒவ்வொன்றாக உதறி மடித்து உள்ளே கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தாள்.